ஒற்றை மூலக்கூறும் ஒளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு மூலக்கூற்றின் மேல் லேசர் ஒளியைக் குவித்து, அது திருப்பித் தரும் ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக எண்ணும் பரிசோதனைகள் இன்று பல ஆய்வகங்களில் நடக்கின்றன. இயற்பியல், வேதியியல் மாணவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் தலைகாட்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் துறையில் மூலக்கூறு சிறியதாக இருப்பது பெரிய தொல்லை இல்லை. அதைச் சுற்றி வேண்டாத ஒளி கொட்டிக் கிடப்பதுதான் தொல்லை.

ஒரு மூலக்கூற்றை உண்மையிலேயே தனியாகப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் அதன் வடிவம் தெரியாது. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும், சாதாரண உருப்பெருக்கியில் புலப்படும் ஒளியைக் கொண்டு சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நுணுக்கங்களைப் பிரித்தறிய முடியாது. நாம் பேசப்போகும் சாய மூலக்கூறுகளின் நீளமோ ஒன்று, ஒன்றரை நானோமீட்டர்தான். எனவே கேமராவில் விழுவது ஒரு மங்கலான ஒளிப்பொட்டு. அந்தப் பொட்டில் வரும் ஒளி முழுவதும் ஒரே மூலக்கூற்றிலிருந்து வருகிறது என்று நிரூபித்துவிட்டால், அதைத் தனியாகப் பார்த்துவிட்டோம் என்று பொருள். நிரூபிக்கும் முறை கீழே வருகிறது.

ஒளியின் அலைநீளம் சில நூறு நானோமீட்டர். மூலக்கூறு ஒரு நானோமீட்டர். இரண்டும் எப்படிச் சந்திக்கின்றன?

மூலக்கூற்றின் உடல் அளவும், ஒளிக்கு அது காட்டும் அளவும் வேறு வேறு. ஒளி உணரும் அளவைக் குறுக்குப்பரப்பு என்கிறார்கள். இரண்டே ஆற்றல் மட்டங்கள் கொண்ட ஒரு பொருள், சலனமே இல்லாத சூழலில், தனக்கு மிகச் சரியாகப் பொருந்தும் அலைநீளத்தில் ஒளியைச் சந்தித்தால், அதன் குறுக்குப்பரப்பு அலைநீளத்தின் இருமடியை ஒட்டிய அளவுக்கு விரிகிறது. துல்லியமாகச் சொன்னால், அலைநீளத்தின் இருமடியை மூன்றால் பெருக்கி, பை (π) என்ற எண்ணின் இருமடங்கால் வகுக்க வேண்டும். 785 நானோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 0.3 சதுர மைக்ரோமீட்டர் வரும். நல்ல லென்ஸ் ஒன்று லேசரைக் குவிக்கும் புள்ளியின் பரப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது, ஒரு நானோமீட்டர் மூலக்கூறு, குவிந்த ஒளிக்கற்றை முழுவதற்கும் குறுக்கே நிற்கிற பொருளைப் போல நடந்துகொள்ளலாம்.

இந்தச் சூத்திரத்தில் மூலக்கூற்றின் அளவே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எலெக்ட்ரான்களின் ஊசலாட்டம் ஒளியின் ஊசலாட்டத்தோடு ஒத்ததிர்வில் இருந்தால், சிறுமை ஒரு தடையே இல்லை.

பிறகு ஏன் நம் மேசைமேல் இருக்கும் சாயக் கரைசலில் இது தெரிவதில்லை? அறை வெப்பநிலையில் மூலக்கூற்றைச் சுற்றியுள்ள எல்லாமே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நடுக்கம் ஒத்ததிர்வை நொடிக்கு எண்ணற்ற முறை கலைத்துவிடுகிறது. விளைவாகக் குறுக்குப்பரப்பு பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சுருங்கி, ஒரு சதுர நானோமீட்டரில் நூறில் சில பங்காகிவிடுகிறது. அப்போது குவிந்த கற்றையில் பத்து லட்சம் ஃபோட்டான்கள் போனால் ஒன்று உறிஞ்சப்படுவதே அதிகம்.

இந்தப் பரிசோதனைகளில் திரவ ஹீலியத்தால் குளிர்விப்பது எதற்கு என்பது இப்போது புரிகிறது. எவ்வளவு குளிர் வேண்டும்?

பெரும்பாலும் 4 கெல்வினும் அதற்குக் கீழும், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸை ஒட்டி. அந்தக் குளிரில் படிகத்தின் அதிர்வுகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அதன்பிறகு மூலக்கூற்றின் நிறக்கோடு, அதாவது அது ஏற்கும் அதிர்வெண்களின் பட்டை, எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒளியை விழுங்கி ஏறிய உயர் ஆற்றல் நிலையில், அதாவது கிளர்ச்சி நிலையில், அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது.

ஓர் உதாரணத்தை இறுதிவரை எடுத்துக்கொள்வோம். டைபென்சோடெரிலீன் என்ற கரிமச் சாயத்தை ஆந்த்ரசீன் படிகத்துக்குள் பதித்தால் அது 785 நானோமீட்டர் அருகில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அடர்சிவப்பின் எல்லையில் ஒளியை உறிஞ்சுகிறது. அதன் கிளர்ச்சி நிலை சுமார் 4 நானோநொடி நீடிக்கும். அந்த ஆயுளுக்கு ஏற்ற கோட்டு அகலம் சுமார் 40 மெகாஹெர்ட்ஸ். இந்த ஒளியின் அதிர்வெண்ணோ 382 டெராஹெர்ட்ஸ். ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு துல்லியத்தில் ஒரு கரிம மூலக்கூறு தன் நிறத்தைக் காக்கிறது. அணுக்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த கூர்மையை, நாற்பதுக்கும் மேற்பட்ட அணுக்கள் சேர்ந்த ஒரு சாயத்தில் பார்ப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

படிகத்துக்குள் ஆயிரக்கணக்கில் இதே மூலக்கூறுகள் இருக்குமே. அவற்றில் ஒன்றை மட்டும் எப்படிப் பிடிப்பது?

வேதியியல் புத்தகத்தில் அவை எல்லாம் ஒன்றே. படிகத்துக்குள் அப்படி இல்லை. ஒவ்வொரு மூலக்கூற்றின் பக்கத்திலும் ஒரு சிறு பிசகு இருக்கும். ஓரிடத்தில் படிகம் கொஞ்சம் இறுகியிருக்கும், ஓரிடத்தில் ஒரு அணு தள்ளி நிற்கும். அந்தப் பிசகுகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் மிக மிகச் சிறிதளவு நகர்த்துகின்றன. நூறு தம்புராக்களை ஒரே சுருதிக்குக் கூட்டி வைத்தாலும், நுட்பமாகக் கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு இழை விலகி நிற்பது போலத்தான் இதுவும்.

குளிரில் ஒவ்வொன்றின் கோடும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். ஆனால் அவை பரவிக் கிடக்கும் எல்லை பல ஆயிரம் மெகாஹெர்ட்ஸ். எனவே, லேசரின் நிறத்தை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், ஒரு மூலக்கூறு விழிக்கும், அடங்கும். சற்றுத் தள்ளி இன்னொன்று விழிக்கும். திரையில் தனித்தனிக் கூர்முனைகள் எழும். இடத்தால் பிரிக்க முடியாத மூலக்கூறுகளை நிறத்தால் பிரித்துவிடுகிறோம். படிகத்தின் குறைபாடு என்று கருதப்பட்ட ஒன்றே இங்கே வழியைத் திறந்துவிடுகிறது.

இதை முதலில் செய்தது யார்?

1952-இல் எர்வின் ஷ்ரோடிங்கர், நாம் ஒருபோதும் ஒற்றை எலெக்ட்ரான், ஒற்றை அணு, ஒற்றை மூலக்கூறு ஆகியவற்றை வைத்துப் பரிசோதனை செய்வதில்லை என்று எழுதினார். எண்ணப் பரிசோதனைகளில் மட்டுமே அப்படிச் செய்கிறோம் என்பது அவர் கருத்து. அன்றைக்கு அது நியாயமான கருத்துதான்.

1989-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தில் டபிள்யூ. ஈ. மோர்னரும் லோதார் காடோரும் பாரா-டெர்ஃபினைல் படிகத்துக்குள் பதிந்த பென்டசீன் மூலக்கூறு ஒன்று லேசர் ஒளியை உறிஞ்சுவதைப் பதிவு செய்தார்கள். கடந்து போகும் ஒளியில் ஒரு துளிக் குறைவைத் தேடும் முறை அது. பிரகாசமான பின்னணியில் மிகச் சிறிய பள்ளத்தைக் கண்டுபிடிக்க, லேசரின் அதிர்வெண்ணையும் மூலக்கூற்றின் கோட்டையும் ஒரே நேரத்தில் அசைத்து, அந்த அசைவுகளோடு சேர்ந்து வரும் சைகையை மட்டும் பிரித்தெடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1990-இல், பிரான்சின் போர்டோவில் மிஷல் ஓரியும் ஜாக் பெர்னாரும் அதே படிகத்தை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போனார்கள். கடந்து போகும் ஒளியை விட்டுவிட்டு, மூலக்கூறு உமிழும் ஒளிர்வை மட்டும் எண்ணினார்கள். கோடு பளிச்சென்று எழுந்தது. இன்று வரை பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியைத்தான். முதல் பரிசோதனை 'முடியும்' என்று காட்டியது. இரண்டாவது, மற்றவர்களும் கைவைக்கும்படி அதை எளிதாக்கியது. இரண்டுக்கும் சம மதிப்புத் தர வேண்டும் என்பது என் கருத்து. 2014-இல் எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல் ஆகியோரோடு மோர்னருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளிர்வு ஏன் அவ்வளவு எளிது?

இருட்டில் தேடுவதால். நிறமாறிய ஒளி மட்டும் உள்ளே வரும்படி எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்.

மூலக்கூறு ஒரு ஃபோட்டானை விழுங்கிவிட்டுத் திரும்ப அடிநிலைக்கு வரும்போது, பல நேரங்களில் நேராக அடித்தளத்துக்கு வராமல், தன் அணுக்களைச் சற்றே அதிர வைத்துவிட்டு வருகிறது. அந்த அதிர்வுக்குப் போன ஆற்றல் போக, வெளிவரும் ஃபோட்டானின் அலைநீளம் நீண்டுவிடும். லேசரின் அலைநீளத்தை முழுவதுமாகத் தடுத்து, அதைவிட நீண்டதை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டால் போதும்.

'போதும்' என்று எழுதிவிட்டேன். எண்களைப் பார்த்தால் அதன் பாரம் தெரியும். 785 நானோமீட்டர் லேசரில் ஒரே ஒரு நானோவாட் எடுத்தாலே நொடிக்குச் சுமார் 400 கோடி ஃபோட்டான்கள் பாய்கின்றன. மூலக்கூற்றிலிருந்து நம் கருவியில் பதிவாவது, வேலை நன்றாக நடந்தால், நொடிக்கு ஒரு லட்சம் முதல் சில லட்சம். லேசரில் ஒரு துளி கசிந்தாலும் மூலக்கூறு மூழ்கிவிடும். ஃபில்டரைத் தாண்டி இன்னொரு எதிரியும் உண்டு: மூலக்கூற்றைச் சுமக்கும் படிகமும், கண்ணாடியும், லென்ஸுமே நிறமாறிய ஒளியைக் கொஞ்சம் உமிழ்கின்றன. அதைக் குறைக்க ஒரே வழி, ஒளி படும் பொருளின் கன அளவைக் குறைப்பது. மெல்லிய படிகம், இறுக்கமாகக் குவிந்த கற்றை, தூசியில்லாத கண்ணாடி.

அங்கே இருப்பது ஒன்றுதான், இரண்டல்ல என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்?

ஃபோட்டான்கள் வந்து சேரும் நேரத்தைப் பார்த்து. நான் சொல்ல மிகவும் விரும்பும் பகுதி இது.

மூலக்கூறு ஒரு ஃபோட்டானை உமிழ்ந்த அந்தக் கணத்தில் அடிநிலைக்கு வந்துவிட்டது. அடுத்த ஃபோட்டானைத் தர வேண்டுமானால், முதலில் லேசரிடமிருந்து ஒன்றை வாங்கி மேலே ஏற வேண்டும், பிறகு சில நானோநொடி அங்கே தங்கி இறங்க வேண்டும். ஆகவே ஒரே மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களைத் தர முடியாது. இரண்டு மூலக்கூறுகள் இருந்தால் தாராளமாகத் தரலாம்.

சோதிப்பது எப்படி? ஒரே ஒரு கருவியை வைத்து ஃபோட்டான்களின் வருகை நேரத்தைக் குறித்துக்கொண்டே போகலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது நடக்காது. ஃபோட்டானை எண்ணும் சிலிக்கான் டயோடுகள் ஒரு எண்ணிக்கைக்குப் பிறகு பல பத்து நானோநொடிகள் குருடாகிவிடும். நமக்கு வேண்டிய தகவலோ முதல் நான்கைந்து நானோநொடிக்குள் இருக்கிறது.

எனவே வரும் ஒளியின் பாதையில் ஒரு பாதி வெள்ளி பூசிய கண்ணாடியை வைக்கிறார்கள். ஃபோட்டான் பாதி வாய்ப்பில் நேராகப் போகும், பாதி வாய்ப்பில் திரும்பும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு டயோடு. ஒன்று 'டிக்' என்றதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், மற்றது 'டிக்' என்றதும் நிற்கும். இப்படிப் பல லட்சம் முறை சேர்த்த இடைவெளிகளை வரைபடமாக்கினால், பூஜ்ய இடைவெளியில் ஒரு பள்ளம் விழும். ஃபோட்டானைப் பாதியாகப் பிளக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதே விடை. சம பிரகாசமுள்ள இரண்டு மூலக்கூறுகள் இருந்தால் பள்ளம் பாதி உயரத்தில் நின்றுவிடும். பாதிக்கும் கீழே இறங்கினால் ஒன்றுதான். பின்னணி ஒளியே இல்லாமல் இருந்தால் தரையைத் தொடும்.

இந்த இரட்டைக் கருவி அமைப்பு 1956-இல் ராபர்ட் ஹான்பரி பிரவுனும் ரிச்சர்ட் ட்விஸ்ஸும் சிரியஸ் விண்மீனின் கோண அளவை அளக்கப் பயன்படுத்திய யோசனையின் வாரிசு. 1977-இல் ரோச்செஸ்டரில் கிம்பிள், டாகனே, மாண்டல் மூவரும் சோடியம் அணுக்கற்றையில் இந்தப் பள்ளத்தின் தொடக்கத்தைக் கண்டார்கள். 1992-இல் பாஷே, மோர்னர், ஓரி, டலோன் ஆகியோர் படிகத்துக்குள் இருந்த ஒற்றைச் சாய மூலக்கூற்றிலேயே அதைக் காட்டினார்கள். அணுவைப் பறக்கவிட்டால் அது கற்றையைக் கடந்து போய்விடும். படிகத்துக்குள் மூலக்கூறு அங்கேயே இருக்கும். நாளைக்கு வந்து தேடினாலும் அதே இடத்தில், அதே நிறத்தில் கிடைக்கும்.

லேசரை மிகவும் மங்கலாக்கினால் அதுவும் ஒற்றை ஒற்றையாகத்தானே ஃபோட்டான் தரும்?

தராது. எவ்வளவு மங்கலாக்கினாலும் லேசர் ஃபோட்டான்களின் வருகை ஒன்றையொன்று பொருட்படுத்தாத தற்செயல் வருகைதான். சில நேரம் இரண்டு சேர்ந்து வரும். மேலே சொன்ன வரைபடத்தில் பள்ளமே விழாது, தட்டையான கோடுதான்.

ஒரே மூலக்கூறு ஒரு லேசர் கற்றையை மறைக்குமா?

இரண்டாவது பதிலில் சொன்ன குறுக்குப்பரப்புக் கணக்கு உண்மையானால் மறைக்க வேண்டும். மறைக்கிறது.

ஆனால் 'மறைப்பு' நடக்கும் விதம் வேறு. மூலக்கூறு ஒளியைத் தின்று தீர்ப்பதால் முன்பக்கம் இருள்வதில்லை. லேசரால் ஆட்டப்படும் மூலக்கூறு தானும் ஒரு சிறு ஆன்டெனாவாக எல்லாப் பக்கமும் அலை எழுப்புகிறது. முன்னோக்கிப் போகும் பகுதியில் அந்த அலையும் லேசரின் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. முன்பக்கம் குறைந்துபோன ஆற்றல் வேறு திசைகளில் சிதறிப் போயிருக்கும். கணக்குத் தவறுவதில்லை.

ஸூரிக் நகரின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் வாஹித் சந்தோக்தார் குழு 2007, 2008 ஆண்டுகளில் ஒற்றை மூலக்கூறு கற்றையில் ஏற்படுத்தும் குறைவைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்தது. 1989-இல் நுண்ணிய அசைவுகளால் மட்டுமே பிடிபட்ட பள்ளம், இப்போது வரைபடத்தில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. 2009-இல் அவர்களே இன்னொன்றும் காட்டினார்கள்: வேறொரு லேசர் துடிப்பால் மூலக்கூற்றை முன்கூட்டியே மேல் நிலைக்கு ஏற்றிவிட்டால், கடந்து போகும் கற்றை குறைவதற்குப் பதில் சற்றே பெருகியது. ஒரு கற்றை இன்னொரு கற்றையைக் கட்டுப்படுத்துகிறது, நடுவில் இருப்பது ஒரே ஒரு மூலக்கூறு.

அதே குழு பின்னர் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஒளி அறிவியல் நிறுவனத்துக்கு மாறியது. அங்கே டைபென்சோடெரிலீனை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே உள்ள மிகச் சிறிய குழிவில் வைத்தார்கள். 2019-இல் வெளியான அந்த அளவீட்டில் ஒற்றை மூலக்கூறு லேசர் கற்றையின் 99 சதவீதத்தை அணைத்தது. மூலக்கூற்றைத் திணறடிக்க, அதாவது அதற்குமேல் ஒளியை ஏற்க முடியாத நிலைக்குக் கொண்டுவர, சராசரியாக அரை ஃபோட்டானுக்கும் குறைவான ஒளியே போதுமானதாக இருந்தது.

இவ்வளவு கூர்மையான மாதிரியை எப்படித் தயாரிக்கிறார்கள்?

பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டைபென்சோடெரிலீனை டொலுவீனில் மிக மிக நீர்க்கக் கரைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு சிறு துளி, ஆந்த்ரசீன் கரைந்திருக்கும் ஈதரோடு சேர்க்கப்படுகிறது. மெல்லிய கண்ணாடித் துண்டை வேகமாகச் சுழற்றிக்கொண்டே அந்தக் கலவையை மேலே விட்டால், ஈதர் நொடிகளில் பறந்துவிடும். கண்ணாடி மேல் ஒரு மைக்ரோமீட்டரிலும் குறைந்த தடிமனுள்ள ஆந்த்ரசீன் படிகத் தீவுகள் நிற்கும். சாய மூலக்கூறுகள் அவற்றுக்குள் சிறைப்பட்டிருக்கும்.

ஒரு தொந்தரவு உண்டு. ஆந்த்ரசீன், அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீனின் நெருங்கிய உறவு. அதில் இரண்டு வளையம், இதில் மூன்று. அதைப் போலவே இதுவும் உருகாமல் நேராக ஆவியாகிவிடும். வெற்றிடத்துக்குள் வைத்தால் படிகமே காணாமல் போகும். அதனால் மேலே நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் பூச்சு ஒன்றைக் கொடுத்து மூடிவிடுகிறார்கள்.

இந்தப் படிகங்களில் சாய மூலக்கூறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசை நோக்கிக் கிடக்கும். லேசரின் தளவிளைவுத் திசையை, அதாவது அதன் மின்புலம் ஊசலாடும் திசையை, திருப்பிக்கொண்டே போனால் ஒளிர்வு ஏறும், இறங்கும், ஒரு கோணத்தில் அணைந்தே போகும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மாலஸ் விதியை ஒரு தனி மூலக்கூறு கடைப்பிடிப்பதை அங்கே பார்க்கலாம்.

அறை வெப்பநிலையில் எதுவுமே முடியாதா?

நிறைய முடியும். பெல் ஆய்வகத்தில் பெட்சிக்கும் ராபர்ட் சிசெஸ்டரும் 1993-இல் அறை வெப்பநிலையில் தனித்தனிச் சாய மூலக்கூறுகளின் படத்தை எடுத்தார்கள். 2000-இல் லூனிஸும் மோர்னரும் பாரா-டெர்ஃபினைலுக்குள் இருந்த டெரிலீன் மூலக்கூற்றிலிருந்து, ஒவ்வொரு லேசர் துடிப்புக்கும் ஒரு ஃபோட்டான் என்ற முறையில் ஒளியை வரவழைத்தார்கள். பயன்படுத்தியது குளிர்ப்பான் இல்லாத சாதாரண உருப்பெருக்கி.

அறை வெப்பநிலையில் இழப்பது கூர்மையையும் ஆயுளையும்தான். காற்றில் இருக்கும் ஆக்சிஜன், கிளர்ந்த மூலக்கூற்றோடு வினைபுரிந்து அதை ஒருநாள் அழித்துவிடும். கண்ணாடி மேல் வெறுமனே கிடக்கும் நல்ல சாயம் ஒன்று பத்து லட்சம் ஃபோட்டான் கொடுத்தால் நல்ல மகசூல். பிறகு ஒரே அடியில் அணைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மங்குவது கூட்டத்தின் இயல்பு. தனி மூலக்கூறு எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும், இடைப்பட்ட நிலை இல்லை. சில நேரம் அணைந்து மீண்டும் எரிவதும் உண்டு. மும்மை நிலை எனப்படும் பக்கவழி ஒன்றில் எலெக்ட்ரான் மாட்டிக்கொண்டு, திரும்பி வர நேரமெடுப்பது அதற்கு ஒரு காரணம்.

ராமன் விளைவும் ஒளி–மூலக்கூறு உறவுதானே? தனி மூலக்கூற்றில் அது தெரியுமா?

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த சிதறலில், மூலக்கூறு ஒளியை விழுங்குவதில்லை. மோதிய ஒளியில் ஒரு சிறு பகுதி, மூலக்கூற்றின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம்மாறி வெளியேறுகிறது. மூலக்கூற்றின் அடையாளம் அந்த நிறமாற்றத்தில் துல்லியமாக இருக்கும். ஆனால் அதன் குறுக்குப்பரப்பு அறை வெப்பநிலை ஒளிர்வைவிடவும் சுமார் நூறு லட்சம் கோடி மடங்கு குறைவு.

இருந்தும் 1997-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, வெள்ளி நானோதுகள்களில் ஒட்டிய ஒற்றை மூலக்கூறுகளின் ராமன் சைகையைப் பார்த்ததாக அறிவித்தன. உலோகத் துகளின் பரப்பில் ஒளியின் மின்புலம் பெருகுவதால் அது கைகூடியது. ஒளிர்வுப் பரிசோதனையில் இதே ராமன் சிதறல் படிகத்திலிருந்து வந்து பின்னணித் தொல்லையாக நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதனால் என்ன பயன்?

உயிரியலில் பயன் ஏற்கெனவே கண்கூடு. ஒளிப்பொட்டு பெரியதாக இருந்தாலும் அதன் மையத்தைச் சில நானோமீட்டர் துல்லியத்தில் கணிக்கலாம். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை வேறு வேறு நேரத்தில் ஒளிர வைத்து, ஒவ்வொன்றின் மையத்தையும் குறித்து, எல்லாவற்றையும் சேர்த்தால் செல்லுக்குள் இருக்கும் இழைகள் கூர்மையாகத் தெரியும். 2014 நோபல் பரிசின் ஒரு பாதை இதுதான்.

குவாண்டம் தொழில்நுட்பத்தில் வேண்டியது வேறு: கேட்ட நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான், அதுவும் முந்தையதன் அச்சுப்பிரதியாக. இரகசியச் சாவிப் பரிமாற்றத்துக்கு ஒற்றை ஃபோட்டான் போதும். ஒளியால் கணக்குப் போட வேண்டுமானால், இரண்டு ஃபோட்டான்கள் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியில் சந்தித்து, இரண்டும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து வெளியேற வேண்டும். நிறம், நேரம், தளவிளைவு எல்லாம் ஒத்திருந்தால்தான் அது நடக்கும். 2010-இல் ஸூரிக்கில், ஒன்றுக்கொன்று விலகி இருந்த இரண்டு மூலக்கூறுகளில் ஒன்றின் நிறத்தை மின்புலத்தால் நகர்த்தி மற்றதோடு பொருத்தி, இந்தச் சந்திப்பை நிகழ்த்தினார்கள். முழுமையான ஒற்றுமைக்கு இன்னும் உழைப்புத் தேவை; ஆனாலும் தனித்தனியாகப் பிறந்த ஃபோட்டான்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

பெரிய தடை எது?

மூலக்கூறு தன் ஒளியைப் பங்கிட்டுவிடுவது. டைபென்சோடெரிலீனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஃபோட்டான்களே அந்தக் கூர்மையான கோட்டில் வருகின்றன. மற்றவை அதிர்வுகளில் ஆற்றலைச் சிந்திவிட்டு வெவ்வேறு நிறங்களில் போகின்றன. மூலக்கூற்றைக் கண்டுபிடிக்க உதவும் அதே நிறமாற்றம், ஒரே மாதிரி ஃபோட்டான் வேண்டும் என்னும்போது இடைஞ்சலாகிறது. எர்லாங்கன் குழு குழிவைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். குழிவு கூர்மையான கோட்டின் வழியை மட்டும் அகலப்படுத்தி, பெரும்பாலான ஒளியை அதன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

வேறொரு பாதையும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஜெரமி பாம்பர்க் குழு 2016-இல் தங்கத் தகட்டுக்கும் 40 நானோமீட்டர் தங்கத் துகளுக்கும் இடையே ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இடுக்கில் மெதிலீன் நீல மூலக்கூற்றை நிறுத்தியது. அறை வெப்பநிலையிலேயே ஒளியும் மூலக்கூறும் ஆற்றலை மாறி மாறிக் கைமாற்றும் அளவுக்குப் பிணைப்பு வலுவாக இருந்தது. உலோகம் ஒளியை மிக விரைவாக வெப்பமாக்கிவிடும் என்பதால் அந்தக் கைமாற்றம் சில சுற்றுகளுக்கு மேல் நீடிப்பதில்லை. நீண்ட நேரம் நினைவு வைத்திருக்க வேண்டிய வேலைகளுக்கு, என் பார்வையில், குளிர்ந்த படிகமே இன்னும் சிறந்த இடம்.

கல்லூரி ஆய்வகத்தில் தொடங்க முடியுமா?

குளிர்ப் பரிசோதனை கடினம். அறை வெப்பநிலையில் முடியும். எண்ணெயில் தோய்த்துப் பயன்படுத்தும் உயர்தர லென்ஸ் உள்ள உருப்பெருக்கி, 532 நானோமீட்டர் பச்சை லேசர், அதை முழுதாகத் தடுக்கும் ஃபில்டர், உணர்திறன் மிக்க கேமரா ஆகியவை இருந்தால், நானோமோலாருக்கும் கீழே நீர்த்த ரோடமீன் சாயக் கரைசலிலிருந்து தொடங்கலாம். சாயத்தைவிட அதிக நேரம் கண்ணாடியைக் கழுவச் செலவாகும். சாயமே போடாத கண்ணாடியை முதலில் படமெடுத்துப் பாருங்கள். அதில் பொட்டுகள் தெரிந்தால் அவை அழுக்கு. மீண்டும் கழுவ வேண்டும். வெற்றுக் கண்ணாடி இருண்ட பிறகு சாயத்தைப் போட்டு, தெரியும் ஒவ்வொரு பொட்டையும் இரண்டு கேள்வி கேளுங்கள். தளவிளைவைத் திருப்பினால் ஒரு கோணத்தில் நன்றாக மங்குகிறதா? அணையும்போது ஒரே அடியில் அணைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வரும் பொட்டுகளைத் தனியே குறித்துவையுங்கள். இரண்டு டயோடுகள் வாங்கப் பணம் கிடைக்கும் நாளில், பள்ளத்தைத் தேட வேண்டியது அந்தப் பொட்டுகளில்தான்.